காய்கறி டெம்புரா: அரைகுறையாகக் கலக்கிய மாவில்தான் மொறுமொறுப்பு

பஜ்ஜி போட்டுப் பழகிய கைக்கு ஜப்பானிய பஜ்ஜியான டெம்புரா ஆரம்பத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பஜ்ஜிக்கு மாவைக் கட்டியில்லாமல் அடித்துக் கலக்குவோம், கொஞ்ச நேரம் ஊறவிடுவோம், காயே தெரியாத அளவுக்கு மூடித் தோய்ப்போம். டெம்புராவுக்கு இந்த மூன்றுமே ஆகாது. மாவில் கட்டிகள் இருக்க வேண்டும், கலக்கிய கையோடு பொரிக்க வேண்டும், பொரித்த பிறகு காயின் நிறம் மாவைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். கடலை மாவில் குளூட்டன் (கோதுமை மாவுக்கு இழுவை தரும் புரதம்) கிடையாது, அதனால் எவ்வளவு அடித்தாலும் அது இழுவையாகாது. மைதாவை அப்படி அடித்தால் தொலைந்தது. பொரித்து எடுத்த ஐந்தாவது நிமிடம் தோல் தனியாக, காய் தனியாக, சவசவ என்று ஒன்று தட்டில் கிடக்கும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். 16ஆம் நூற்றாண்டில் நாகசாகிக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் வழியாகத்தான் மாவில் தோய்த்துப் பொரிக்கும் இந்த முறை ஜப்பானுக்குப் போனது என்பார்கள். போர்ச்சுகலில் இன்றைக்கும் பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்து ‘பெய்ஷினியோஷ் த ஓர்ட்டா’ என்று சாப்பிடுகிறார்கள். அப்புறம் எடோ காலத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துத் தெருவோர வண்டிக்கடைகளில், விரிகுடாவில் பிடித்த மீனையும் இறாலையும் குச்சியில் செருகிப் பொரித்து விற்றார்கள். காய்கறியை மட்டும் பொரிப்பதற்கு ‘ஷோஜின் அகே’ என்று தனிப்பெயர் உண்டு. அது புத்த மடங்களின் சைவச் சமையலிலிருந்து வந்த வழக்கம். மடத்துச் சமையலில் முட்டை கூடச் சேராது. டெம்புராக் கடைகளில் காய் ரொம்ப காலம் இறாலுக்குத் துணையாகத்தான் இருந்தது. டோக்கியோ கின்சாவில் ‘டெம்புரா கொண்டோ’ நடத்தும் ஃபுமியோ கொண்டோ போன்றவர்கள்தான் கேரட்டை நூல் நூலாக நறுக்கி ஒரு பந்தாகப் பொரிப்பது, சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பெரிய உருளையாக வெட்டி அரை மணி நேரம் போல நிதானமாகப் பொரிப்பது என்று காய்க்கே முதல் மரியாதை கொடுத்தார்கள். நாம் வீட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்: இங்கே சமைப்பது காயை. மாவு அதற்கு ஒரு மெல்லிய போர்வை, அவ்வளவே.

எண்ணெயில் நடப்பது இதுதான். மாவிலிருக்கும் தண்ணீர் சூடான எண்ணெயைத் தொட்டதும் நீராவியாகி வெளியே பாய்கிறது. அது போன வழியெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள், அந்த ஓட்டைகள்தான் மொறுமொறுப்பு. உள்ளே காய் தன் சொந்த ஈரத்தில் ஆவியில் வேகிறது. மாவில் குளூட்டன் வலை பின்னிவிட்டால் நீராவி சுலபமாக வெளியேறாது, தோல் தடித்துப் போகும். கீழே சொல்லப் போகும் ஐஸ் தண்ணீர், குறைவாகக் கலக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இதைப் புரிந்துகொண்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளித்துவிடலாம்.

மாவு

ஜப்பானில் இதற்கு ‘ஹகுரிகிகோ’ என்ற மென்மையான கோதுமை மாவு எடுப்பார்கள், அதில் புரதம் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நம் கடை மைதாவில் பொதுவாக அதைவிட அதிகம். அதனால் மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளாரோ அரிசி மாவோ சேர்த்துவிடுங்கள். கார்ன்ஃப்ளார் சேர்த்தால் தோல் லேசாக, நொறுநொறுவென இருக்கும். அரிசி மாவு சேர்த்தால் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஆறின பிறகும் நமுக்காமல் கொஞ்ச நேரம் தாங்கும். விருந்தாளிகள் வந்து உட்கார நேரமாகும் என்றால் அரிசி மாவு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிற கூட்டம் என்றால் கார்ன்ஃப்ளார். கோதுமை மாவு, ஆட்டா, சத்துமாவு எதுவும் வேண்டாம். டெம்புரா ஆரோக்கிய உணவாக வேஷம் போட வேண்டியதில்லை.

மூன்று நான்கு பேருக்கு இந்த அளவு: மைதா 80 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், ஒரு முட்டை, ஐஸ் தண்ணீர். முட்டையை ஓர் அளவுக் கோப்பையில் உடைத்து ஊற்றி, அதோடு ஐஸ் தண்ணீர் சேர்த்து மொத்தம் 180 மில்லி வரும்படி செய்துகொள்ளுங்கள். முட்டையையும் தண்ணீரையும் மட்டும் நன்றாக அடித்துக் கலக்கலாம், அதில் மாவு இல்லாததால் பயமில்லை. மேலே நிற்கும் நுரையை எடுத்துவிடுங்கள். முட்டை வேண்டாத வீடுகளில் அதே 100 கிராம் மாவுக்கு 160 மில்லி ஐஸ் தண்ணீர், கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர். நிறம் கொஞ்சம் வெளுப்பாக வரும், மொறுமொறுப்பில் குறை இருக்காது. முட்டை சேர்க்காத மாவில் பாதித் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த சாதா சோடா ஊற்றினால் இன்னும் லேசாக வரும். ஜப்பானிய வீடுகளில் முட்டைக்குப் பதிலாக ஒரு கரண்டி மயோனைஸ் கரைத்து ஊற்றும் குறுக்கு வழியும் உண்டு, அதுவும் வேலை செய்யும்.

மாவு, முட்டை, தண்ணீர், கலக்கும் கிண்ணம் எல்லாமே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெயில் காலத்தில் நம் சமையலறைச் சூட்டுக்கு இது அவசியம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், குளூட்டனும் மெதுவாகத்தான் உருவாகும். ஐஸ் கட்டியை நேராக மாவுக்குள் போடாதீர்கள். அது உருக உருக மாவு நீர்த்துப்போகும், தப்பித்தவறி ஒரு துண்டு எண்ணெய்க்குள் போனால் வெடித்துத் தெறிக்கும். கிண்ணத்தை ஐஸ் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் உட்கார வைத்துக்கொள்வதுதான் சரி.

கலக்குவது கடைசி வேலை. எண்ணெய் காய்ந்து, காய் நறுக்கித் துடைத்து வைத்த பிறகுதான் மாவுக்கே போக வேண்டும். சலித்த மாவை முட்டைத் தண்ணீரில் ஒரே தடவையில் கொட்டி, இரண்டு சாப்ஸ்டிக்கையோ கரண்டிக் காம்பையோ பிடித்து, வட்டமாகச் சுற்றாமல், குத்திக் குத்திக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். நிறுத்துங்கள். ஓரத்தில் காய்ந்த மாவு ஒட்டியிருக்கும், நடுவில் பட்டாணி அளவுக்குக் கட்டிகள் மிதக்கும், பார்த்தால் இது முடியாத வேலை போலத் தோன்றும், கை தானாக இன்னொரு சுற்றுக்குப் போகும். போகக் கூடாது. ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்தால் மாவு தடையில்லாமல் வழிந்து, அடியில் தோல் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணீர். விஸ்க், மிக்ஸி இரண்டையும் அன்றைக்கு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மொத்த மாவையும் ஒரேயடியாகக் கலக்க வேண்டாம். பாதியைக் கலக்கி, அது தீர்ந்ததும் மீதியைக் கலக்குங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்த மாவு, கையே படாவிட்டாலும், தானாகக் கெட்டிப்படும். மாவில் உப்பு போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். உப்பு சாப்பிடும்போது வெளியிலிருந்து வரும்.

காய்

வேகும் நேரத்தை நீங்கள் தீர்மானிப்பது கத்தியில்தான். தடிமனாக நறுக்கினால் உள்ளே வேகும்முன் தோல் கருகும், ரொம்ப மெல்லிசாக நறுக்கினால் காயின் சுவையே இருக்காது, வெறும் மாவைத்தான் கடிப்போம்.

மஞ்சள் பூசணியைத் தோலோடு அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பிறைத் துண்டுகளாக வெட்டுங்கள். ஜப்பானில் இதற்குப் பயன்படும் ‘கபோச்சா’ மாவுச்சத்து மிகுந்தது, பச்சைத் தோல் கொண்டது. நம் பரங்கிக்காய் அதைவிட நீர்ச்சத்து அதிகம் என்பதால் நன்றாக முற்றிய, கனமான காயாகப் பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு முக்கால் சென்டிமீட்டர் வட்டங்கள், தோல் சீவ வேண்டாம். வெட்டியதும் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விடும், சீக்கிரம் கறுக்காது. தாமரைத் தண்டு கிடைத்தால் விடாதீர்கள், அரை சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் போட்டால் வெள்ளையாகவே இருக்கும்; ஓட்டைகளுக்குள் மாவு நுழைந்து பொரிந்து நிற்பதைப் பார்க்கவே அழகு. கத்திரிக்காயில் நீளமான இளசு நல்லது. காம்பை வெட்டாமல், அடிப்பக்கத்திலிருந்து நாலைந்து கீறல் போட்டு, விரலால் லேசாக அழுத்தினால் விசிறியாக விரியும். கத்திரிக்காயைக் கடைசி நேரத்தில் வெட்டுங்கள்.

வெண்டைக்காய், பஜ்ஜி மிளகாய், பச்சை மிளகாய் வகைகளை முழுதாகப் போடலாம், ஆனால் ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தியோ சின்னக் கீறல் போட்டோ விடுங்கள். உள்ளே அடைபட்ட நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் எண்ணெய்க்குள் வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். ஜப்பானில் பெரும்பாலும் காரமில்லாத ‘ஷிஷிதோ’ மிளகாய்க்கும் இதையேதான் செய்கிறார்கள். காளானைக் கழுவித் தண்ணீரில் ஊற விடாமல் துணியால் துடைத்து எடுங்கள். ஷிடாகே கிடைத்தால் அதன் தலையில் நட்சத்திரமாகக் கீறுவது வழக்கம். பட்டன் காளானை அப்படியே பாதியாக்கினால் போதும். பீன்ஸை நான்கு நான்காகச் சேர்த்து, வெங்காயத்தைத் தடித்த வட்டமாக வெட்டி, பல்குத்தும் குச்சி செருகுங்கள். பீன்ஸ் மட்டும் இளசாக இருக்க வேண்டும், முற்றியது மாவுக்குள் வேகாது.

இலைக்கு ஜப்பானில் ‘ஷிசோ’ போடுவார்கள். அது கிடைக்காத ஊரில் கற்பூரவல்லி இலை தாராளமாகப் போடலாம், இரண்டும் துளசிக் குடும்பம்தான். மணம் வேறாக இருக்கும், ஆனால் எண்ணெயில் நடந்துகொள்ளும் விதம் கிட்டத்தட்ட ஒன்றே. கற்பூரவல்லி சதைப்பற்றான இலை என்பதால் சின்னதாக, இளசாக எடுங்கள். இலையின் ஒரு பக்கம் மட்டும் மாவில் தொட்டால் போதும், மறுபக்கம் பச்சையாகவே மின்னும்.

தக்காளி, சுரைக்காய், வெள்ளரி, செளசெள பக்கம் போக வேண்டாம். தண்ணீர்க் காய்களுக்கு இது சரிப்படாது.

எதை எடுத்தாலும் மேலே ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. துணியை விரித்துப் பரப்பி, மேலேயும் ஒரு துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு தட்டில் இரண்டு ஸ்பூன் காய்ந்த மைதா போட்டு, ஒவ்வொரு துண்டையும் அதில் லேசாகப் புரட்டி, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். இந்த வறண்ட மாவு இல்லாவிட்டால் ஈரமாவு வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெயில் போட்டதும் சட்டை கழன்ற மாதிரி தோல் பிரிந்துவிடும். வெண்டைக்காய், கத்திரிக்காயின் வழவழப்பான தோலுக்கு இது கட்டாயம்.

தொட்டுக்கொள்ள

எண்ணெய் வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், பொரிக்க ஆரம்பித்த பிறகு கை ஓயாது.

டெம்புராவோடு வரும் சாறுக்கு ‘டென்ட்ஸுயு’ என்று பெயர். கணக்கு சுலபம்: நான்கு பங்கு டாஷி (ஜப்பானிய சமையலின் அடிப்படைச் சாறு), ஒரு பங்கு மிரின் (இனிப்பான அரிசி மது), ஒரு பங்கு ஜப்பானிய சோயா சாஸ். அதாவது 200 மில்லி டாஷிக்கு மற்ற இரண்டும் 50 மில்லி. வழக்கமான டாஷியில் உலர்ந்த மீன் சீவல் இருக்கும். சைவமாக வேண்டுமென்றால் அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ‘கோம்பு’ கடற்பாசியும் இரண்டு உலர்ந்த ஷிடாகே காளானும் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, மறுநாள் மிதமான தீயில் சூடாக்கி, கொதிக்கும் முன்பே கோம்புவை எடுத்துவிடுங்கள், கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். கோம்பு கிடைக்கவில்லையா, ஷிடாகே மட்டும் போதும், என்ன ஒன்று, சாறு கொஞ்சம் ஒற்றைச் சுவையாக இருக்கும். மிரினில் 14 சதவீதம் போல ஆல்கஹால் இருப்பதால் முதலில் அதை மட்டும் ஒரு கொதி விட்டு, அப்புறம் மற்றதைச் சேர்க்க வேண்டும். மிரினே வேண்டாம் என்பவர்கள் அதே அளவு தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கரைத்துக்கொள்ளலாம். சீன உணவுக்குப் போடும் கறுத்த டார்க் சோயா இதற்கு ஒத்துவராது, சாறு கரியாகிவிடும்.

சாறில் போட்டுக்கொள்ள வெள்ளை முள்ளங்கித் துருவல் வேண்டும், நன்றாக நைசாகத் துருவி லேசாகப் பிழிந்தது, மேலே ஒரு சிட்டிகை இஞ்சித் துருவல். சும்மா அலங்காரத்துக்கு வைப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை வெட்டி வாயைச் சுத்தம் செய்வது அந்த முள்ளங்கிதான். ஒசாகா, கியோட்டோ பக்கம் சாறைவிட உப்பைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் அதிகம். எனக்கும் காய்கறி டெம்புராவுக்கு உப்புதான் பிடிக்கும், பூசணி, கிழங்கின் இனிப்பு அதில்தான் எழுந்து நிற்கும். உப்பை வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் கொஞ்சம் மட்சா (பச்சைத் தேயிலைத்) தூள் கலந்து வைத்தால் போதும்.

எண்ணெயும் சட்டியும்

டோக்கியோ பழைய கடைகளில் வறுத்த எள்ளின் எண்ணெய் மணக்கும். நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டுவது, மணமும் வேறு, முழுக்க அதிலேயே பொரித்தால் டெம்புராவைத் தாண்டிக்கொண்டு எண்ணெய்தான் பேசும். தவிட்டெண்ணெய் அல்லது ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் எடுத்து, ஆசைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வறுத்த எள் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள். தவிட்டெண்ணெய் ஜப்பானியர்களும் பொரிக்கப் பயன்படுத்துவதுதான். ஏற்கெனவே அப்பளம், மீன் பொரித்த எண்ணெய் வேண்டாம்.

அடிகனமான இரும்புச் சட்டி, எண்ணெய் குறைந்தது 4 சென்டிமீட்டர் ஆழம். மெல்லிய அலுமினிய வாணலியில் நான்கு துண்டு போட்டதுமே சூடு விழுந்துவிடும், அது ஏறி வருவதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும்.

தெர்மாமீட்டர் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். காய்க்கு 160 முதல் 175 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் மாவைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். சொட்டு அடி வரை போய், யோசித்து யோசித்து மேலே வந்தால் 160க்குக் கீழே. பாதி ஆழம் போய் உடனே மேலே வந்தால் 170 பக்கம், இதுதான் நமக்கு வேண்டியது. உள்ளேயே போகாமல் மேற்பரப்பில் சிதறிப் பொரிந்தால் 190ஐத் தாண்டிவிட்டது, அடுப்பைக் குறையுங்கள்.

பொரிப்பது

வரிசை முக்கியம். இலைகளை முதலில், 160 டிகிரியில், அரை நிமிடம் கூட வேண்டாம். அப்புறம் அதே சூட்டில் பூசணியும் கிழங்கும். பூசணிக்கு மூன்று நிமிடம், கிழங்குக்கு நான்கு ஐந்து. தாமரைத் தண்டு இரண்டு மூன்று நிமிடம். பின்பு சூட்டை 170, 175 வரை ஏற்றி கத்திரிக்காய், காளான், வெங்காயம், பீன்ஸ் இரண்டு நிமிடம், வெண்டைக்காய் ஒன்றரை, மிளகாய் ஒரு நிமிடத்துக்குள். இந்த நேரமெல்லாம் ஒரு தோராயம்தான், கிழங்கைக் குச்சியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாவில் தோய்த்த காயைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தடவை இழுத்து, எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நழுவ விடுங்கள். உயரத்திலிருந்து போடாதீர்கள். ஒரு தடவைக்கு எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் காய் மிதக்கக் கூடாது. பசியோடு நாலு பேர் காத்திருக்கும்போது இந்த விதியை மீறத்தான் தோன்றும், மீறினால் எல்லாமே நமுத்துத்தான் வரும். முதல் அரை நிமிடம் கிளறாதீர்கள், மாவு பிடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு ஒரு தடவை திருப்பினால் போதும்.

கடைகளில் பார்க்கும் அந்தப் பூப்பூவான மேல்தோல் வேண்டுமா? விரல் நுனியில் மாவை நனைத்து, பொரிந்துகொண்டிருக்கும் காயின் மேல் தூறலாக உதறுங்கள். சொட்டுகள் எண்ணெயில் விழுந்து பொரிந்து காயைச் சுற்றி மிதக்கும்போது, கரண்டியால் அவற்றைக் காயோடு அணைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிய சமையல்காரர்கள் இதைப் பூக்க வைப்பது என்றே சொல்வார்கள். விரல் சுடும் என்று பயமிருந்தால் சாப்ஸ்டிக்கால் உதறுங்கள். எல்லாக் காய்க்கும் இது தேவையில்லை, பூசணிக்கும் தாமரைத் தண்டுக்கும் வெறுமனே இருப்பதுதான் அழகு.

எடுக்கும் பதத்தைக் காதும் கண்ணும் சேர்ந்து சொல்லும். போட்டவுடன் குமிழிகள் பெரிதாக, ஆவேசமாகக் கிளம்பும், சத்தம் கனமாக ‘சொய்ய்’ என்று இருக்கும். நீர் குறையக் குறையக் குமிழிகள் சிறுத்து, சத்தம் மெலிந்து சன்னமாகும். அடியில் கிடந்த துண்டு லேசாகி மேலே எழும்பி மிதக்கும். சாப்ஸ்டிக்கால் தொட்டால் கடினமான ஓட்டைத் தொட்ட அதிர்வு கைக்கு வரும். அப்போது எடுத்துவிடுங்கள், பொன்னிறமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்கறி டெம்புரா வெளிர் மஞ்சளில் இருப்பதுதான் சரியான நிறம்.

காக்கியாகே

பல காய்களின் கீற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பொரிக்கும் டெம்புரா. இது தனிச் சங்கதி, வீட்டில் மிச்சமிருக்கும் காயெல்லாம் இதில் போகும், அதனாலேயே ஜப்பானிய வீடுகளில் அடிக்கடி நடக்கிற வகையும் இதுதான். ஒரு பெரிய வெங்காயத்தை அரை சென்டிமீட்டர் கீற்றாக, அரைக் கேரட்டைத் தீக்குச்சி கனத்தில், கைப்பிடி பீன்ஸைச் சாய்வாக, கொஞ்சம் கொத்தமல்லித் தண்டு. ஜப்பானில் கொத்தமல்லிக்குப் பதில் ‘மிட்சுபா’ கீரை இருக்கும். இதைப் படித்ததும் வெங்காயப் பக்கோடா நினைவுக்கு வரும், ஆனால் உப்புப் போட்டுப் பிசைந்துவிடாதீர்கள், தண்ணீர் விட்டுக்கொண்டு எல்லாம் கூழாகும்.

காய் மேல் இரண்டு டேபிள்ஸ்பூன் காய்ந்த மாவைத் தூவி, விரல்களால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ஒவ்வொரு கீற்றிலும் வெள்ளையாக மாவு ஒட்டிய பிறகு, கலக்கி வைத்த ஈரமாவை நான்கு ஐந்து டேபிள்ஸ்பூன் மட்டும் ஊற்றி, கீற்றுகள் ஒன்றோடொன்று லேசாகப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கலக்குங்கள். அடியில் மாவு தேங்கி நின்றால் அதிகம்.

எண்ணெயில் இறக்குவதுதான் கொஞ்சம் வித்தை. தட்டையான மரக் கரண்டியிலோ தோசைத் திருப்பியிலோ உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பி, சட்டியின் ஓரத்தில் எண்ணெயைத் தொட்டபடி சாய்த்து நழுவ விடுங்கள். அல்லது பட்டர் பேப்பரைச் சதுரமாக வெட்டி, அதன்மேல் பரப்பி, காகிதத்தோடே எண்ணெயில் விட்டால், அரை நிமிடத்தில் காகிதம் தானே கழன்றுகொள்ளும், இடுக்கியால் எடுத்துவிடலாம். 170 டிகிரி. முதல் ஒரு நிமிடம் கை வைக்காதீர்கள். சிதறி ஓடும் கீற்றுகளை மட்டும் மெதுவாக நடுவே தள்ளிவிடலாம். அடி பிடித்ததும் நடுவில் சாப்ஸ்டிக்கால் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள், எண்ணெய் உள்ளே ஏறி நடுப்பகுதி வேகும். இதைச் செய்யாததால்தான் பல காக்கியாகே வெளியே மொறுமொறு, உள்ளே பச்சை மாவாக இருக்கிறது. திருப்பிப் போட்டு, மொத்தம் மூன்று நான்கு நிமிடத்தில் எடுக்கலாம்.

எடுத்த பிறகு

கம்பித் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல், முடிந்தால் சாய்த்து நிற்க வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் பரப்பினால் அடிப்பக்கத்து நீராவி போக வழியில்லாமல் அங்கே நமுத்துப்போகும். காகிதத்தைப் பரிமாறும் தட்டில் வேண்டுமானால் மடித்து வைக்கலாம். மூடி போட்டு வைப்பது, ஹாட்பேக்கில் போடுவது எல்லாம் கூடவே கூடாது. டெம்புராக் கடைகளில் வாடிக்கையாளர் மேசைக்கு எதிரேயே நின்று ஒவ்வொன்றாகப் பொரித்துத் தட்டில் வைக்கிறார்கள், உள்ளே இருக்கும் ஆவி தோலுக்கு வந்து சேர்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதற்காக. வீட்டிலும் எல்லோரையும் முதலில் உட்கார வைத்துவிட்டுப் பொரியுங்கள். பொரிப்பவர் கடைசியில்தான் சாப்பிடுவார், அதற்கு ஒரு வழி இன்னும் பிறக்கவில்லை. இரண்டு பேர் மாறி மாறி நின்றால் நியாயம்.

மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஓவன் டோஸ்டரில் நான்கு ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். இல்லாவிட்டால் மிஞ்சிய டென்ட்ஸுயுவில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சுண்டவிட்டு, டெம்புராவை அதில் தோய்த்துச் சூடான சோற்றின் மேல் வையுங்கள். ‘டென்டோன்’ என்று கடைகளில் விற்பது இதன் வகைதான், இதில் தோல் ஊறினாலும் ஒன்றும் மோசமில்லை.

சரியாக வராவிட்டால்

மொறுமொறுப்பாக எடுத்தும் இரண்டு நிமிடத்தில் துவண்டால் காய் தடிமன் அதிகம் அல்லது சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள், உள்ளே தண்ணீர் பாக்கி. தோல் கடினமாகப் பிஸ்கட் போல வந்தால் மாவைக் கலக்கியது அதிகம். எண்ணெய் வடிந்தால் சூடு குறைவு, அநேகமாக ஒரே நேரத்தில் நிறையப் போட்டிருப்பீர்கள். தோல் கழன்றால் காயில் ஈரம் அல்லது காய்ந்த மாவைப் புரட்டவில்லை. மாவு காயில் ஒட்டாமல் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. அதில் மாவைக் கொட்டி மறுபடி கலக்குவதற்குப் பதில், ஒரு ஸ்பூன் மாவை மேலே தூவி இரண்டு குத்து மட்டும் குத்துங்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுக்க வேண்டும், விட்டால் கருகி அடுத்த ஈட்டில் கசப்பாக ஒட்டும். அவற்றை வீணாக்காதீர்கள். ‘டென்காசு’ என்று ஜப்பானில் இதற்குத் தனி மதிப்பு. உதோன் நூடுல்ஸ் மேலும் ‘ஒகோனோமியாகி’ என்ற முட்டைக்கோஸ் அடையின் மாவிலும் போடுகிறார்கள், சூப்பில் தூவிக்கொள்ள நமக்கும் ஆகும். ஆனால் சூடாக இருக்கும்போது குவியலாகக் கிண்ணத்தில் அள்ளி வைக்கவோ குப்பைக்கூடையில் கொட்டவோ கூடாது. எண்ணெய் ஊறிய துணுக்குகள் குவியலாகக் கிடந்தால், அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளேயே சூடு ஏறி, சில மணி நேரம் கழித்துத் தானாகத் தீப்பிடித்துக்கொள்ளும். ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரிக்கிறார்கள். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடைத்து ஃப்ரீஸரில் வையுங்கள். தூக்கிப் போடுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுப் போடுங்கள், அதுவும் ஆறிய பிறகு.